சண்டை நின்றால் கிடா

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான கீழ் லயத்தின் கடைசி அறை, காம்பரா என்போம், புவனேந்திரனுடையது. மனைவி சிவசக்தி லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. லயத்துக்குப் பின்னால் மண் சரிந்துகொண்டே வருகிறது, வேறு இடத்தில் ஒரு வீடு எழுப்பாமல் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். ஒரே மகள் தயானியை மொனராகலையில் கட்டிக் கொடுத்தாயிற்று. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பேச்சுத் துணைக்கு வெள்ளாட்டுக் கிடா ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார் மனிதர். நம்மோடு பேசாதவர் அதோடு மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்.

காசாவில் சண்டை தொடங்கியபோது அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லெபனான் எல்லையிலும் குண்டு விழுகிறது என்ற பிறகுதான் போனில் செய்தி பார்க்கத் தொடங்கினார். அதெல்லாம் தெற்கே, நானிருக்கும் பெய்ரூத்தில் ஒன்றுமில்லை என்று சிவசக்தி ஒரு வருடமாகச் சமாதானம் சொன்னாள். அடுத்த புரட்டாசியில் பெய்ரூத்திலும் கட்டடங்கள் சரிந்தன. எஜமானி குடும்பத்தோடு மலைக்கு ஓடிவிட்டாள். வேலைக்காரியைக் கூட்டிப்போகக் காரில் இடமில்லையாம். கடற்கரையில் படுத்துக் கிடந்த சிவசக்தி, தூதரகத்தில் பேர் கொடுத்துவிட்டேன், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாள்.

ஆள் பயந்து நடுங்குவார் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு வீட்டுக்குக் கஷ்டமென்றால் லயமே கூடி முனியாண்டிக்கு நேர்வது எங்கள் வழக்கம். வேண்டுதலை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். இவர் வாயைத் திறந்தால்தானே? கோயில் தலைவர் கிருஷ்ணராஜ் முந்திக்கொண்டு, "சண்டை நின்னா கெடா வெட்டுறோம் சாமி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சிவசக்தி திரும்பி வரவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சண்டை நின்றால் போதாதா என்று நினைத்தோம். புவனேந்திரன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் கும்பிட்டு நின்றார்.

கார்த்திகையில் சண்டை நின்றது. தப்பு அடித்து, அவருடைய கிடாவையே வெட்டி, லயம் வயிறாரச் சாப்பிட்டது. அவர் பங்கை இலையில் தொடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, விருந்துக்கு அவரிடம் வாங்கிய பானையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அப்போது சிவசக்தியின் அழைப்பு வந்தது. அவருக்குக் காது மந்தம், போன் எப்போதும் சத்தமாகத்தான் பேசும். எஜமானி திரும்பி வந்து கெஞ்சுகிறாளாம். நாம் கட்டும் புது வீடும் கூரையில்லாமல் நிற்கிறது, குண்டுதான் நின்றுவிட்டதே, இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

அவர் சுண்ணாம்புச் சுவரை விரலால் தடவினார். பிறகு மெல்ல, "சண்டை இன்னும் ஒரு மாசம் நடந்திருந்தா நீ வந்திருப்ப" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒரு மனுசனா என்று கோபம் வந்தது. அவள் வரவுக்காக வெள்ளையடித்த அந்தச் சுவர்களைப் பார்த்ததும் கோபம் போய், பாவமாக இருந்தது.

"வந்திருப்பேங்க. பொட்டியில வச்சாவது அனுப்பியிருப்பாங்க" என்றாள் சிவசக்தி.

அவர் முகம் செத்துப்போயிற்று. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். நீ அங்கேயே இரு."