முதல் சாண் மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மண்வெட்டி. கையில் இருப்பதற்காக அல்ல, வாய்க்காக. பாட்டில் கழுவச் சேர்ந்தவள், பதினெட்டு வருஷத்தில் வயல் வயலாகப் போய் மண் எடுக்கிறவளாகியிருந்தாள். பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டாள். "மேலாப்புல சுரண்டிட்டு வந்து நீட்டுனா, நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?" என்று மண் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இந்தத் தடவை மண் அவளுடையது. அப்பா போனபின் பாகம் பிரித்த அண்ணன், வாய்க்காலை ஒட்டிய நெல்வயலை அவளுக்கே விட்டுக்கொடுத்தான். தங்கை வீட்டு வாசலை எட்டிப் பார்க்காத மகராசன்! அதுதான் உதைத்தது. புருஷன் இல்லாதவள், அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் இனி அந்த வயல்தான் சோறு. அடுத்த வாரம் கையெழுத்து.

"நானே டெஸ்ட் பண்ணிட்டேன். சத்தெல்லாம் எகிறிக் கெடக்கு, பாரு" என்று ஒரு தாளை நீட்டினான் அண்ணன்.

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மண் துளைத்தெடுக்கும் இரும்புத் திருகோடு வயலில் இறங்கினாள். சேற்றில் உழுது உழுது, நெல்வயலில் முதல் சாணுக்குக் கீழே மண் இறுகித் தட்டாகிக் கிடக்கும். திருகு அங்கே போய்த்தான் முரண்டு பிடிக்கும். இங்கே மூன்று விரற்கடையிலேயே முட்டியது. மேலே இருந்ததெல்லாம் புதுச் சாணி எரு. பக்கத்து வயலில் இரண்டாம் சாணில் வருகிற வெளிறிய மண் இங்கே எருவுக்கு அடியிலேயே வந்தது. பரிசோதனையும் அதையே சொன்னது: எருவுக்குக் கீழே தழைச்சத்தும் மணிச்சத்தும் பேருக்குத்தான் இருந்தன.

பத்திரம் எழுதுகிறவர் அறையில் அண்ணனோடு அம்மாவும் இருந்தாள்.

"மேல்மண்ணு எங்க?" என்று அண்ணனைக் கேட்டாள் அவள்.

"மண்ணுல மேல என்ன, கீழ என்ன? அதான் எருவக் கொட்டி நெரவிட்டேனே!" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நெல்லு வேரு திங்கிறதே அந்த ஒரு சாணுலதான். அத வழிச்சுட்டு வெறும் சட்டிய என்கிட்டத் தள்ளுறியா?"

"சூளையில குடுத்துச் செங்கல்லா வாங்கிட்டேன். வீடு கட்ட வேணாமா? அம்மாவையும் அங்கதான வச்சிருக்கேன்!"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமா?"

அம்மா முந்தானை நுனியைத் திருகினாள். "சண்ட வேணாம்னுதாம்மா..."

அண்ணன் செய்ததைவிட அது வலித்தது. அவள் பத்திரக்காரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, வயல அவன் பேருக்கே எழுதுங்க. எனக்கு அந்த வீட்ட எழுதுங்க. என் மண்ணு இப்ப அங்கதான் நிக்குது."

"என்னடி திமிரு!" என்று அண்ணன் துள்ளி எழுந்தான்.

"அப்ப நான் எங்கம்மா போவேன்?" என்றாள் அம்மா.

"நீ அங்கயே இரு. அவன் போகட்டும் வெளிய."