முகத்தை மறைத்த புத்தகம்

செண்பகம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கு அவளுடைய காது காரணமல்ல. நான்தான் காரணம்!

என்னைக் கெட்டவள் என்று நீங்கள் நினைக்கலாம்... நினைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவரின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள். தென்காசிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை ஆனவள். அந்தப் பெருமையில் தலை நிமிர்ந்தேதான் நடந்தேன். வாய் மட்டும்... என் முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். பயிற்சிப் பள்ளி விடுதியில் எனக்கு வைத்த பெயர் ‘தேங்காத் துருவி’. அன்றிலிருந்து புத்தகத்தை மூக்குவரை உயர்த்திப் பிடித்தே வாசிப்பேன்.

செண்பகம் ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். சிறுவயதில் காய்ச்சல் கண்டு காது போனவள். பேசுகிறவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வாள்.

தலைமையாசிரியை எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “இது ஒரு டீச்சர் வேலை இல்ல. பள்ளிக்கூடமே சேந்து செய்யணும். போர்டுல எழுதிக்கிட்டே பேசாதீய. நம்ம வாய் அவளுக்குத் தெரியணும்.”

எல்லோரும் செய்தார்கள். மணியடிக்கும் ஆயா அவள் சன்னலருகே வந்து சிவப்புத் துணியை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த பெண் பாடவரியை விரல்வைத்துக் காட்டினாள். கணக்கு சார், உதட்டை மூடியிருந்த தம் மீசையையே மழித்துவிட்டு வந்தார்!

“வாசல்லயே நிறுத்தி, யாரு வேணும்னு கேக்கா டீச்சர் எம் பொண்டாட்டி!” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்... வாயைப் பொத்திக்கொண்டு.

ஒரு மனிதர் மீசையைக் கொடுத்தார். என்னால் ஒரு புத்தகத்தை இறக்க முடியவில்லையே!

ஒரு சாரல் நாளில் செண்பகம் எழுந்து வந்தாள். ஒற்றை விரலால் என் புத்தகத்தைக் கீழே அழுத்தினாள். மெதுவாகத்தான், கெஞ்சுவதுபோல. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் பல்லைப் பார்த்துத்தான் என்று பட்டது எனக்கு.

“ஏட்டி, கடைசி பெஞ்சுக்குப் போ!” என்று கையை நீட்டினேன். அதன்பின் அவளை முன்னால் அழைக்கவே இல்லை.

ஆண்டுத் தேர்வில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள். தமிழில் மட்டும் தேறவில்லை.

அவள் அம்மா வந்தாள். “பேசுத பாசையே வரலன்னா இனி என்னத்தப் படிக்க? வீட்டுல இருந்து பீடி சுத்தட்டும்.”

“நாம எல்லாரும் சேந்துதான செஞ்சோம்... புள்ளைக்கு அவ்வளவுதான் முடியும் போல,” என்றார் தலைமையாசிரியை.

எல்லாருமா? நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் படிப்பு நின்றிருக்காது. ஏன் சொல்லவில்லை? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

மறு ஆண்டு காது மந்தமான இன்னொரு பெண் சேர வந்தாள். “செண்பகத்துக்கே செஞ்சு பாத்தோம்லா,” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கு சாருக்கு மீசை மறுபடி வளர்ந்திருந்தது.

போன மாதம் தென்காசிப் பேருந்து நிலையத்தில் செண்பகத்தைப் பார்த்தேன். இடுப்பில் பீடித் தட்டு. என்னைக் கண்டதும் ஓடி வந்தாள், சிரித்தாள். பிறகு பழையபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன்... அதற்குள் என் கை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது.

அவள் காத்துக்கொண்டே நின்றாள்.