ரேடியோ அக்கா முன்வரிசையில் பாடிய பாட்டு

தறி மில்லில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தறி முன்னால் நின்றுகொண்டு வாய் ஓயாமல் பாடுகிறவள். என்ன பாடினாள் என்று ஒருத்திக்கும் கேட்டதில்லை. வரிசையாகத் தறிகள் ஓடும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் குண்டு விழுந்தாலும் தெரியாது. வாய் அசைவதை மட்டும் பார்த்துப் பேர் வைத்துவிட்டார்கள். இளையவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சத்தத்தில் பெண்கள் பேசாமல் இருந்தார்களா என்றால், அது நடக்கிற காரியமா? குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசினார்கள். வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செய்து காட்டுவார்கள். அந்தக் கோடியில் ஒருத்தி மாமியாரைத் திட்டினால் இந்தக் கோடியில் இருப்பவள் சிரிப்பாள். பழக்க தோஷம், ரேடியோ வீட்டுக்கு வந்தும் மகளிடம் அப்படியே பேசினாள். மகளும் பல் முளைக்கும் வயதிலேயே அதைப் பிடித்துக்கொண்டாள். உறவுக்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவர்களைப் பற்றித் தாயும் மகளும் உதட்டாலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள். நல்ல பழக்கம் என்று யார் சொன்னது? ஆனால் சுகமான பழக்கம்.

பிறகு காது போயிற்று. மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. முதலில் வாசல் மணி போயிற்று, அப்புறம் மழைச் சத்தம், அப்புறம் போனில் வரும் குரல். ரேடியோ மூச்சு விடவில்லை. எதிரில் நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் படித்தாள். முதுகைக் காட்டிப் பேசுகிறவர்களுக்குச் சும்மா மண்டையை ஆட்டினாள். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்தாள். "என்ன சொன்னே, திரும்பச் சொல்லு" என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

மறைத்ததற்குக் காரணம் மகள்தான். அப்பா இல்லாத பெண். அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், கட்டிய மூட்டையை அவிழ்த்துவிடுவாள். முன்பு அம்மா படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டபோது, கையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு வீட்டோடு உட்கார்ந்தவள். இப்போது தூரத்து ஊரில், கப்பல் கட்டும் இடத்தில் நல்ல வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். அவள் பஸ் ஏறும்வரை காது விஷயம் வெளியே வரக்கூடாது, ஏறிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரேடியோ கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மகள் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றாள். பாட்டுக்காரர் ஊருக்கு வருகிறாராம்.

பாட்டுக்காரர் என்றால் அந்த வீட்டில் ஒருவர்தான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, துணைக்கு ஒரு கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிறவர். கல்யாணத்துக்கு முன்பே ரேடியோ அவருடைய கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவள். தறி முன்னால் அவள் பாடியதெல்லாம் அவர் பாட்டுத்தான். போகும்முன் அம்மாவை ஒரு தடவை அவர் எதிரில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. ரேடியோ சாக்குத் தேடினாள். தலைவலி என்று சொல்லலாம். ஆனால் பாட்டுக்காரருக்காகச் செத்த பிணமே எழுந்து போகும் என்று அவளே மகளிடம் சொல்லியிருக்கிறாளே.

யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்வரிசையில் உட்கார வேண்டும். கேசட் அட்டையில் மழமழவென்று சவரம் செய்த முகம், அகலமான வாய். அந்த வாய் தெரிந்தால் போதும், ஒரு வரி விடாமல் படித்துவிடலாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்து டிக்கெட்டை மாற்ற வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சின்ன அரங்கம், மர நாற்காலிகள், மேடையில் ஒரு முக்காலியும் தண்ணீர் டம்ளரும். விளக்கு மங்கியது. பாட்டுக்காரர் கிதாரைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. மனுஷர் மார்புவரை தாடி வளர்த்திருந்தார். மீசை வந்து மேலுதட்டை மூடி, தாடி வந்து கீழுதட்டை மூடி, வாய் என்ற ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை.

அவர் பாடினார். அவளுக்குத் தாடி அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் மகள் கண்ணை மூடித் தலையாட்டினாள். பின்னால் யாரோ விசும்புவது நாற்காலியின் அதிர்வில் தெரிந்தது. எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். இத்தனை வருஷம் காத்திருந்து, கைக்கெட்டும் தூரத்தில் அவர் பாட, தான் மட்டும் மூடிய கடைக்கு முன்னால் நிற்பதுபோல் உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள். அழவும் வழியில்லை. மகள் பார்த்துவிடுவாள்.

சரி, விரலைப் பார்ப்போம் என்று விரலைப் பார்த்தாள். கட்டைவிரல் கீழ்க்கம்பியை மெதுவாகத் தட்டித் தட்டி வந்தது. அடடா, இது 'கதவு திறந்திருக்கு' பாட்டு அல்லவா! மில்லில் தினம் முதல் தறியை ஓட்டிவிட்டதும் அவள் எடுக்கிற பாட்டு. மனசுக்குள் எடுத்தாள். வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. சும்மா உதடுதானே அசைகிறது, யாருக்குத் தெரியப்போகிறது?

தறி ஓடும்போது அவள் குரல் அவளுக்கே கேட்டதில்லை. இப்போது தறி இல்லாமலே கேட்கவில்லை. அதுதான் வந்த வினை. தறிக்கூடத்தில் பாடுகிற அதே முழுத் தொண்டையில், ஊசி விழுந்தால் கேட்கும் அரங்கத்தில், ரேடியோ அக்கா பாடிக்கொண்டிருந்தாள். அதுவும் அவர் பாடியது ஆற்றைப் பற்றிய பாட்டு.

மகள் முதலில் வெட்கத்தில் குறுகிப்போனாள். அப்புறம்தான் அம்மா வேறு பாட்டைப் பாடுவது உறைத்தது. பாட்டுக்காரர் நிறுத்திவிட்டார். அம்மா நிறுத்தவில்லை. அடுத்த அடியையும் கண்ணில் நீர் முட்ட, ஒற்றை ஆளாகப் பாடினாள். போனில் பேசக் கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்று அம்மா சாக்குச் சொன்னதும், வாசல் மணிக்குக் கதவு திறக்காததும், சம்பந்தமில்லாத இடத்தில் அம்மா சிரித்ததும் மகளுக்கு ஒரே சமயத்தில் புரிந்தன. அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். எல்லா முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் கிதார்மேல் கை அசையாமல் கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டுக்காரர் மைக்கில் குனிந்து ஏதோ சொல்ல, தாடி அசைய, கூட்டம் சிரித்தது. அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

மகள் நாற்காலியிலேயே அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். குரலே இல்லாமல், மில் பெண்களைப்போல வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"அந்தப் பாட்டு அடுத்ததுதானாம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு."

குட்டு உடைந்துவிட்டது. ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். மகள் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். அப்புறம் கடைசிவரை மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் வரிக்கு வரி அம்மாவுக்கு உதட்டில் பாடிக் காட்டினாள். பின்வரிசைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, அந்தப் பெண் சட்டை செய்யவில்லை. தாடிக்குள் ஒளிந்திருந்த பாட்டெல்லாம் மகள் வாயிலிருந்து வந்தது.

வெளியே படிக்கட்டில்தான் சண்டை. ரேடியோ பயந்தபடியேதான் ஆயிற்று.

"நான் போகலம்மா."

"போகாம? இங்க உக்காந்து என் காதுல ஊதப்போறியா?"

"இத ஏம்மா எங்கிட்ட மறைச்ச?"

"சொன்னா இப்படி நிப்பேன்னுதான். என் காது போனது போகட்டும். அதுக்காக உன் வேலையும் போகணுமா? அந்தப் பாவத்த என் தலையில கட்டாத."

வீடுவரை சண்டை ஓயவில்லை. பாதி குரலால், பாதி உதட்டால். மறுநாள் காலையில் மகள் பெட்டியை அடுக்கத் தொடங்கினாள், ஆனால் நிபந்தனைகளோடு. காது டாக்டரைப் பார்க்க வேண்டும். மெஷின் மாட்டச் சொன்னால் மாட்ட வேண்டும். தினமும் போனில் முகம் தெரியப் பேச வேண்டும். புரியாமல் மண்டையை ஆட்டினால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாள். ரேடியோ எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

கிளம்பும் நாளில் பஸ்ஸின் கண்ணாடி ஜன்னல்கள் அடைத்திருந்தன. வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார்கள். தாயும் மகளும் மட்டும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் சீட்டு கிடைத்ததைப் பற்றி, பக்கத்து சீட்டுக்காரரின் தொப்பையைப் பற்றி, டாக்டரிடம் போக வேண்டிய கிழமையைப் பற்றி.

பஸ் உறுமி அசைந்தது. மகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி ஏதோ சொன்னாள். அதற்குள் ரேடியோவுக்குக் கண் நிறைந்து மகளின் உதடு கலங்கிப்போயிற்று. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பழக்கத்தில் மண்டையை ஆட்டப் போனாள்.

ஆட்டவில்லை. முந்தானையால் கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டு, நகரும் பஸ்ஸோடு கூடவே நடந்தாள்.

"கேக்கலடி. திரும்பச் சொல்லு."

மகள் திரும்பச் சொன்னாள்.