மூச்சுப் படாத முடிச்சு

பொறாமை என்பதே இல்லாமல் பிறந்த ஒரே மனிதன் ராஜபாளையம் கௌதம்ராஜ். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏனென்றால் சொன்னது அவனேதான். கல்லூரி ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னான்.

"மனுசனுக்கு ரெண்டு வியாதி உண்டு. ஒண்ணு பொறாமை. இன்னொண்ணு, இல்லாத ஆளை இருக்கான்னு நம்புறது. எனக்கு ரெண்டுக்கும் தடுப்பூசி போட்டாச்சு."

கூட்டம் கை தட்டியது. அவன் சிரிக்கவில்லை. அவன் எப்போதுமே சிரிக்க மாட்டான். சிரிக்காமல் சிரிக்க வைப்பதுதான் அவன் தொழில்.

அந்தத் தடுப்பூசி ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வேலை செய்யாமல் போன கதை இது. கதை என்று வாய் தவறி வந்துவிட்டது. இது நடந்தது. அது நடந்த மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ரெண்டு ஸ்டூலும் இருக்கின்றன. பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் என்று நம்பி, பகலில் தைரியமாகத் திரிகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மலையைப் பார்த்த மாதிரி ஒரு கல்லூரி. பெயர் எதற்கு. அங்கே மூன்று பேர் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்துகொண்டிருந்தார்கள். பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கிலோ பால்கோவா டப்பா அளவுதான். இதற்கெல்லாம் தனி ராக்கெட் யாரும் விட மாட்டார்கள். ஷேர் ஆட்டோ கணக்கு. பெரிய கோள் நடு சீட்டில் உட்காரும், சின்னதுகள் எல்லாம் இடுக்கில் தொற்றிக்கொள்ளும். ஒரே ஒரு வித்தியாசம். ஷேர் ஆட்டோக்காரர் கை காட்டினால் செத்த நேரம் நிற்பார். ராக்கெட் நிற்காது. குறித்த நாளில் உங்கள் கோள் தயாராக இல்லையென்றால், உங்கள் இடத்தில் அதே எடைக்கு ஓர் உலோகக் கட்டியை வைத்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எடைக் கணக்குத் தப்பக் கூடாது அல்லவா.

மூன்று பேரில் கௌதம்ராஜ் ஒருவன். இன்னொருவன் ஸ்ரீவில்லிபுத்தூர் முகமது ரியாஸ். மூன்றாவது, சோழபுரம் காளீஸ்வரி. மூன்று பேருக்கும் மேலே சுப்புராஜ் சார்.

கோளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆன்டெனா மட்டும் பாக்கி. ரியாஸின் அத்தா, அதாவது அப்பா, வைத்திருக்கும் ஹார்டுவேர் கடையிலிருந்து வந்த ஸ்டீல் அளவு டேப்பை வெட்டிச் செய்த ஆன்டெனா. அதை மடக்கித் தூண்டில் நரம்பால் கட்டிவிட வேண்டும். மேலே போன பொறவு ஒரு சின்னக் கம்பி சூடாகி நரம்பை அறுக்கும், டேப் விரியும். ஆனால் ராக்கெட் குலுங்குகிற குலுக்கலில் முடிச்சு முன்னாலேயே நழுவிவிட்டால், பக்கத்து சீட்டுக்காரன் பிழைப்பும் சேர்ந்து போய்விடும். அதனால் இங்கேயே குலுக்கு மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

முடிச்சு நின்றபாடில்லை. கௌதம்ராஜ் போட்டது நழுவியது. ரியாஸ் போட்டதும் நழுவியது, ஆனால் கொஞ்சம் தாமதமாக நழுவியது. அந்தக் 'கொஞ்சம் தாமதம்' கௌதம்ராஜுக்குச் சோறு இறங்க விடவில்லை. பொறாமை இல்லை. அஜீரணம்.

சார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "கோளை ராக்கெட்காரங்க கையில ஒப்படைக்க ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. எவன் முடிச்சு நிக்குதோ அவன் போறான். சனிக்கிழமை காலைல வண்டி."

காளீஸ்வரி இந்தப் போட்டியில் இல்லை. கோள் மேலே போன பிறகு கீழே இருந்து அதோடு பேசுவதுதான் அவள் வேலை. ஆக, ரெண்டே பேர். ஒரே சீட்.

"ஒங்க ஊருக்குக் கோபுரம் இருக்கு, தேர் இருக்கு, பால்கோவா இருக்கு," என்றான் கௌதம்ராஜ். "எங்க ஊருக்கு நாயை விட்டா என்னலே இருக்கு? இந்த ஒரு சீட்டையாவது விடக் கூடாதா?"

"நாய் நல்ல நாய்லா," என்றான் ரியாஸ்.

இப்படி அமைதியாகப் பதில் சொல்கிறவனை எப்படித்தான் வெறுப்பது. கௌதம்ராஜ் முயற்சியைக் கைவிடவில்லை.

கோள் இருந்தது பழைய கெமிஸ்ட்ரி லேபுக்குள். பிளாஸ்டிக் திரையால் அடித்த கூடாரம். தூசி புகக் கூடாது. உள்ளே போகிறவர்களுக்கு வெள்ளை அங்கி, தலையை மூடும் தொப்பி, முகமூடி, கையுறை, பெரிய கண்ணாடி. மாட்டிவிட்டால் யார் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. உள்ளே பேசவும் கூடாது, எச்சில் தெறிக்கும்.

ரியாஸுக்கு ஒரு பழக்கம். திரையை விலக்குவதற்கு முன்னால், காலிக் கூடாரத்தைப் பார்த்து மெதுவாக சலாம் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பான்.

"யாருக்குலே சலாம்? திருப்புளிக்கா?"

"ஆளில்லாத வீட்டுக்குள்ள போனாலும் சலாம் சொல்லித்தான் போகணும்னு எங்க அத்தா சொல்லுவாக."

"ஆளே இல்லியே."

"நீ எண்ணிப் பார்த்தியாலே?"

கௌதம்ராஜுக்கு இது போதாதா. கேன்டீன் ஃபிரிட்ஜுக்கு சலாம் போட்டான். காலி பெஞ்சுக்குச் சலாம் போட்டு, "தள்ளி உக்காருங்க பாய்," என்றான். கல்லூரியே சிரித்தது. ரியாஸும் சிரித்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்னொரு சாமானைச் சொல்லிவிட வேண்டும். கூடாரத்துக்குள் இருக்கும் வேலை மேசை முன்னால் உட்கார்ந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்ட வேண்டும். நம் உடம்பில் சேர்கிற மின்சாரம் கோளைச் சுட்டுவிடாமல் இருக்க. பட்டையின் ஒயர் மேசை மேல் உள்ள ஒரு சின்னப் பெட்டிக்குப் போகும். ரெண்டு ஸ்டூலுக்கு ரெண்டு பட்டை, பெட்டியில் ரெண்டு விளக்கு. பட்டை உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சை. உடம்பு இல்லையென்றால் சிவப்பு, கூடவே ஒரு சத்தம். பீப்... பீப்... பீப்...

அந்த வெள்ளிக்கிழமை. மணி 12:50. ரியாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, "ஜும்ஆவுக்குப் போயிட்டு வாரேன்," என்று பைக்கில் கிளம்பினான். காளீஸ்வரி டிபன் பாக்ஸைத் தூக்கினாள்.

"நீ வரலியா?"

"நீ போ. நான் பொறவு வாரேன். பசிக்கல."

பசித்தது. ஆனால் இதை விட்டால் நேரம் கிடைக்காது. ரியாஸ் திரும்பி வருவதற்குள் முடிச்சைப் போட்டு முடித்துவிட வேண்டும். கௌதம்ராஜ் கை கழுவினான். அங்கி மாட்டினான். திரையை விலக்கினான்.

உள்ளே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அங்கியும் தொப்பியுமாக முதுகைக் காட்டிக்கொண்டு, கோளின் மேல் குனிந்து, விரலில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். ரியாஸின் அதே உயரம். அதே ஒல்லி.

பின்வாசல் வழியாக வந்திருக்கிறான், என்று நினைத்தான் கௌதம்ராஜ். தொழுகைக்குப் போகிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, எல்லாரும் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வந்து முடிச்சுப் போடுகிறான் பார். திருட்டுப் பயல். (தானும் அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்பது அவன் நினைவுக்கு வரவில்லை.)

பேசக் கூடாது. ஆகவே கோபத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பட்டையை மாட்டினான். பச்சை.

அடுத்த விளக்கு சிவப்பு.

பீப்... பீப்... பீப்...

பக்கத்தில் இருந்தவன் கையில் பட்டை இருந்தது. நன்றாக இறுக்கித்தான் மாட்டியிருந்தான். ஆனாலும் பீப். பட்டை கெட்டுவிட்டது, என்று நினைத்தான் கௌதம்ராஜ். கெட்ட பட்டையோடு வேலை பார்க்கிறானே, சார் வரட்டும், சொல்கிறேன்.

அப்புறம்தான் கையைப் பார்த்தான்.

அப்படி ஒரு கை வேலையை அவன் பார்த்ததே இல்லை. நரம்பு உள்ளே போனது, சுற்றியது, தன்னைத் தானே கவ்வியது. ஒரு நடுக்கம் இல்லை. இடது கையால்.

ரியாஸ் வலது கைக்காரன்.

ரெண்டு கைப் பழக்கம் வேறேயா, என்று வயிறு எரிந்தது கௌதம்ராஜுக்கு. எம்புட்டு நாளாக மறைத்து வைத்திருக்கிறான்.

ஏசி ஓடினாலும் முகமூடிக்குள் விடுகிற மூச்சு மேலே ஏறி எல்லார் கண்ணாடியையும் மூடிவிடும். இவன் கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மங்கலே இல்லை. ஏதோ மருந்து வாங்கி அடித்திருக்கிறான். எனக்கு ஒரு சொட்டுக் கொடுத்தானா.

முகமூடியைப் பார்த்தான். மூச்சுக்கு மூச்சு அது உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

அசையவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறான். சீன் போடுகிறான்.

கையுறையைப் பார்த்தான். விரல் நுனியில் ரப்பர் மடிந்து கிடந்தது. உள்ளே விரல் அதுவரைக்கும் எட்டாத மாதிரி...

பீப்... பீப்...

மணி 1:35. பிளாஸ்டிக் திரையில் யாரோ தட்டினார்கள்.

கௌதம்ராஜ் நிமிர்ந்தான். திரைக்கு அந்தப் பக்கம், தலையில் தொப்பி, சட்டை அக்குளில் வியர்வை, கையில் பைக் சாவி.

ரியாஸ்.

"ஏலே, இன்னும் சாப்பிடலியா நீ?"

கௌதம்ராஜ் ரியாஸைப் பார்த்தான்.

பீப்...

பக்கத்தில் திரும்பவில்லை.

பீப்...

கழுத்து திரும்ப மாட்டேன் என்றது.

பீப்...

திரும்பினான்.

ஸ்டூல் காலி.

பட்டை மேசை மேல் கிடந்தது. மணிக்கட்டு வளைவு இன்னும் குலையாமல், வட்டமாக.

சத்தம் நின்றுவிட்டது.

அந்த விளக்கு... பச்சை.

தான் கத்தவில்லை என்று கௌதம்ராஜ் இன்றுவரை சாதிக்கிறான். கேன்டீனில் இருந்த காளீஸ்வரிக்குக் கேட்டிருக்கிறது. கையில் இருந்த உருளைக்கிழங்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

சாயங்காலம் சுப்புராஜ் சார் கோளைக் குலுக்கு மேசையில் வைத்தார். மேசை உறுமியது. நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முடிச்சு நழுவவில்லை. மறுபடி ஆட்டினார். நழுவவில்லை. சார் பூதக்கண்ணாடியை எடுத்து முடிச்சைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான் இல்ல சார்," என்றான் ரியாஸ். "நான் பள்ளிவாசல்ல இருந்தேன். உள்ள இவன் மட்டும்தான் இருந்தான். இவன்தான் போட்டிருப்பான். வெக்கப்படுதான்."

கௌதம்ராஜ் வெட்கப்படுகிறான் என்று யாரும் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சார் அவனைப் பார்த்தார். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். சீட் அவனுடையது. பேப்பரில் போட்டோ, ராஜபாளையத்தில் பிளக்ஸ் போர்டு, எல்லாம் அந்த ஒரு ஆட்டலில் இருந்தது.

"நான் இல்ல சார்," என்றான். "எனக்கு இப்படிப் போட வராது."

"பின்ன?"

பார்த்ததைச் சொன்னான். இடது கை, மங்காத கண்ணாடி, சிவப்பு விளக்கு, எல்லாம். காளீஸ்வரி சிரிக்கத் தயாராக நின்றாள். இவன் கடைசியில் ஒரு ஜோக் வைத்திருப்பான் என்று காத்திருந்தாள். வரவில்லை.

சார் உட்கார்ந்துவிட்டார்.

"சங்கையான்னு ஒரு பையன்," என்றார். "மகாராஜபுரம். ஒங்களுக்கு முன்னால ஒரு செட்டு கோள் செஞ்சாங்கல்லா, அதுல இருந்தான். இடது கைக்காரன். இந்த முடிச்சு அவனாக் கண்டுபிடிச்சது."

சார் பூதக்கண்ணாடியை மேசை மேல் வைத்தார்.

"அன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். எல்லாம் ரெடி, முடிச்சு மட்டும் பாக்கி. சாப்பிட்டு வந்து போட்டுருதேன் சார்னு பைக்ல போனான். வத்திராயிருப்பு ரோட்டுல லாரி. வேற யாருக்கும் அந்த முடிச்சு வரல. நானும் போட்டுப் பார்த்தேன், நழுவுச்சு. நாள் தப்பிப் போச்சு. நம்ம இடத்துல அதே எடைக்கு உலோகக் கட்டியைத்தான் வச்சு அனுப்புனாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கட்டி இப்பவும் மேலதான் சுத்திக்கிட்டுக் கிடக்கு."

கடைசியில் காளீஸ்வரிதான் கேட்டாள். "அப்ப யாரு சார் போறது? முடிச்சு போட்டவன் போறான்னு நீங்கதான சொன்னீங்க?"

சார் முடிச்சையே பார்த்தார். கேட்டவளுக்கும், கேட்டுவிட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்று புரிந்தது.

"நீ போலே," என்றான் ரியாஸ்.

"நீயே போ."

இது விட்டுக்கொடுத்தல் என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கௌதம்ராஜுக்கு அந்தச் சீட் மேல் இருந்த ஆசை துளியும் குறையவில்லை. கோள் இருக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் தனியாக உட்கார்ந்து போக முடியாது, அவ்வளவுதான். அதுவும் போக, அவனுக்கு இப்போது ரியாஸ் மேல் வயிற்றெரிச்சல் இல்லை. அந்த எரிச்சல் இடம் மாறிவிட்டது. நம்மால் ஒரு தடவை கூட நிற்க வைக்க முடியாததை, மூச்சே இல்லாத ஒருத்தன் ஒரே தடவையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே.

சனிக்கிழமை காலை. வண்டி போர்ட்டிகோவில் நின்றது. ரியாஸ் முன்சீட்டில். டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்தார். கோளை எடுத்து வர கௌதம்ராஜ்தான் போக வேண்டியிருந்தது. காளீஸ்வரி மாட்டேன் என்றுவிட்டாள்.

அங்கி மாட்டினான். திரைக்கு முன்னால் நின்றான். லேபின் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை.

"சலாம்ணே," என்றான், உதடு அசையாமல்.

திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ வெளியே வர வழி விடுகிற மாதிரி, செத்த நேரம் ஒதுங்கி நின்றான்.

அப்புறம்தான் உள்ளே போனான்.