ராகு காலம் முடியக் காத்திருந்து எடுத்த பட்டு வேட்டி

மகளுக்குத் தலை தீபாவளி. கடலூரிலிருந்து மாப்பிள்ளையோடு சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும், நாங்கள் எடுத்துவைத்த புதுத்துணியைத்தான் மாப்பிள்ளை கட்ட வேண்டும். அதில் கோட்டை விட்டால் சம்பந்தி வீட்டில் என் மானம் கப்பலேறிவிடும்.

"மேல வீதி ஜவுளிக்கடைக்கு ஒரு எட்டு போயிப் பாத்து எடுத்துட்டு வந்துரலாம்" என்றாள் மனைவி. மழை, கூட்டம், அவள் ஐம்பது புடவையைப் பிரித்துப் பார்க்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் தண்டனை. மூன்றையும் நினைத்துப் பார்த்து, "உலகம் எங்கயோ போயிடுச்சு, நான் போன்லயே வாங்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு போனில் ஒரு விளம்பரம் வந்தது. பட்டு வேட்டி, சட்டை, புடவை மூன்றும் சேர்த்துக் கால்வாசி விலை. கடையின் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது: சலுகை முடிய இருபது நிமிடம்.

"ஏங்க, ஞாயித்துக்கிழம, ஆறு மணி வரைக்கும் ராகு காலம். தலை தீபாவளித் துணிய இப்பவா எடுப்பீங்க?"

நியாயம்தான். போனை மடியில் வைத்துக்கொண்டு, சலுகை கண்ணெதிரே கரைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. போச்சு என்று பெருமூச்சு விட்ட மறு நொடி, மறுபடியும் இருபது நிமிடம் என்று காட்டியது! அதுவும் முடிந்து இன்னொரு இருபது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா? நமக்காக நடராஜரே கடிகாரத்தத் திருப்பி வெக்கிறாரு!"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். பூஜ்யத்துக்குப் பிறகு இருபது வராது என்று என்னிடம் படித்த கடைசி பெஞ்சுக்காரனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பார்சல் வந்ததும் பணம் தரலாமா என்று தேடினேன். அந்த வசதி இல்லை, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றிருந்தது. கறாரான கடை என்று மரியாதை கூடியது. ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு, கிழக்கு பார்த்து உட்கார்ந்து, பணத்தை அனுப்பினேன்.

புதன்கிழமை வரை பார்சல் வரவில்லை. ஒரு குறுஞ்செய்திதான் வந்தது: 'முகவரி சரியில்லாததால் உங்கள் பார்சல் நிற்கிறது. ஐந்து ரூபாய் கட்டினால் நாளையே வந்துவிடும்.' கூடவே ஒரு லிங்க். அஞ்சு ரூபாய்தானே என்று அதைத் தட்டி, கார்டு எண், பின்னால் இருக்கும் மூன்று எண், எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்தேன். ஓ.டி.பி. வந்தது. கண்ணாடியைக் காணோம். (தலை மேல் இருந்தது. அது வேறு கதை.)

"இந்தா, அந்த நம்பரப் படி."

மனைவி எதையும் பாதியில் படிக்க மாட்டாள். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத்தைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் எறிவாள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். "ரூபாய்... நாப்பத்தெட்டாயிரம்... ஏங்க, அஞ்சு ரூவான்னீங்க?"

"நம்பரப் படிம்மா!"

"யாரிடமும் பகிர வேண்டாம்னும் போட்டுருக்கே. நான் மாட்டேன்."

மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்க வைத்திருந்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி அதற்குள் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அப்பா, ஓ.டி.பி. சொல்லிட்டியா?"

"உங்கம்மா சொல்ல விடல."

"அம்மாவுக்குக் கோயில் கட்டு. மொதல்ல பேங்குக்கு அடிச்சு கார்ட நிறுத்து. கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்கு அடி, கூகுள்ல தேடாத, அதுலயும் திருட்டு நம்பர் இருக்கும். அப்புறம் சைபர் கிரைம்ல புகார் குடு. அந்தப் பக்கத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை."

எல்லாம் செய்தேன். மோதிரப் பணம் தப்பித்தது. துணிக்கு அனுப்பிய பணம் போனது போனதுதான். புகார் எண் மட்டும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் கொட்டும் மழையில் மேல வீதி. அவள் ஐம்பத்தேழு புடவை பார்த்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

தீபாவளிக் காலையில் வேட்டியும் சட்டையும் மாப்பிள்ளைக்கு அளவெடுத்தாற்போலப் பொருந்தின. "சூப்பரா இருக்கு மாமா, எங்க எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். மேல வீதி என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அடுப்படியிலிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. தப்ப முடியாது என்று தெரிந்து, கிழக்கு பார்த்து உட்கார்ந்தது வரை நானே ஒப்பித்துவிட்டேன். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த அதிரசம் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

மூச்சு வந்ததும் அவர் போனை எடுத்தார். "மாமா, ஒரு ஒதவி. எங்கப்பாவும் வர்ற லிங்க்க எல்லாம் தட்டுறாரு. நான் சொன்னா, நேத்துப் பொறந்த பய எனக்குச் சொல்றியான்னு கத்துறாரு. நீங்க சொல்லுங்க. நீங்க ஏமாந்தவரு, கேப்பாரு."

அவர் நம்பர் போட்டுக் கொடுத்த போனைக் காதில் வைத்தேன். கடலூரில் சம்பந்தி எடுத்தார்.

"தீபாவளி வாழ்த்துகள் சம்பந்தி. உக்காந்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன்.