ஒரிஜினல் கண்டிஷன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து நம் காலை மிதித்துவிட்டால், "நான் தானுங்க குறுக்க நின்னுபோட்டேன்" என்று மிதி வாங்கியவரே சமாதானம் சொல்வார். எதிராளி சங்கடப்படக்கூடாது என்பதற்காகப் பழியை நம் தலையில் போட்டுக்கொள்வது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் என் கார் மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் கிடந்தது.

சின்ன வயதில் வந்த போலியோவால் எனக்கு இரண்டு கால்களிலும் வலுவில்லை. காலிபர் என்கிற இரும்புச் சட்டத்தைக் கால்களில் மாட்டி, ஊன்றுகோல் பிடித்து நடப்பேன். வீடு துடியலூரில். கணக்கு டீச்சராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் மதுக்கரைப் பக்கம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, உக்கடத்தில் பஸ் மாறி, பதினாறு வருஷம் போய் வந்தேன். நான் படியில் ஏறி முடிப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். அதற்கும் நான்தான் "கோவிச்சுக்காதீங்க" என்பேன்.

நாற்பத்து மூன்றாவது வயதில் கார் வாங்கினேன். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி; கிளம்பும்போது மட்டும் பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு நாம் கியரைப் போட வேண்டும். உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் அதில் எனக்காக ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தார். முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். கைப்பிடியிலிருந்து இறங்கும் இரண்டு கம்பிகள் பெடல்களைக் கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். ஒரு ஓட்டை போடவில்லை, ஒரு வயரை வெட்டவில்லை. முறையாக அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் பதிந்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்துவைத்தேன். முதல் நாள் பள்ளிக்கூட கேட்டுக்குள் நானே ஓட்டிக்கொண்டு நுழைந்தபோது எனக்கு இருந்த திமிரைச் சொல்லி மாளாது.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது, கியர் விழவில்லை. மீட்டரில் ஒரு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். அங்கே விவரம் எழுதிக்கொள்ளும் அட்வைசர் இளைஞர், நல்ல பிள்ளை. கதவைத் திறந்து கைப்பிடியைப் பார்த்தவர், "இது வெளியில போட்டதுங்களா மேடம்?" என்றார்.

அவர் முகத்தில் லேசாக ஒரு தயக்கம். அதைப் போக்க வேண்டுமே என்று, "ஆமாங்க, நாங்கதான் இதுல கைய வெச்சுப்போட்டோம். அதனாலதான் என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றேன். அவர் அதை அப்படியே ஜாப் கார்டில் எழுதினார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கேள்வியைப் படிக்காமல் கணக்குப் போடும் பிள்ளைகளை நான் என்ன பாடுபடுத்துவேன் என்று என் வகுப்பில் கேட்டால் தெரியும்.

நாலு நாள் கழித்து சர்வீஸ் சென்டர் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. கைப்பிடியால் பிரேக் முழுசாக அமுங்கவில்லை, அதனால்தான் கியர் விழவில்லை, இதை வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே வாரண்டி கிடையாது. அவரே ஒரு வழியும் சொன்னார். "அதைக் கழட்டிப்போட்டு, இனிமே மாட்ட மாட்டேன்னு ஒரு லெட்டர் குடுங்க மேடம். வண்டி ஒரிஜினல் கண்டிஷனுக்கு வந்துருச்சுன்னா நான் மேல பேசிப் பாக்கறனுங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரரும் நல்ல எண்ணத்தில்தான், "கழட்டிப்போடலாம் உடு. நான் கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்" என்றார். ஃபவுண்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் மனுஷன் எத்தனை நாளைக்குக் கொண்டுபோய் விடுவார்? அது ஒரு பக்கம் இருக்கட்டும். என் வண்டியில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதை நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

மறுபடி பஸ். ஒரு நாள் உட்கார இடம் கிடைத்ததும் வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்து, பொடி எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். வெளியில் மாற்றிய பாகத்துக்கும், அந்த மாற்றத்தால் உண்டான பழுதுக்கும் வாரண்டி இல்லை என்றுதான் போட்டிருந்தது. மாற்றினாலே வாரண்டி போச்சு என்று எங்கேயும் இல்லை. மாற்றத்தால் உண்டானது என்றால் அதை நிரூபிக்க வேண்டாமா? எனக்குக் கோபம் அப்போதுதான் வந்தது, அதுவும் பாதி என் மேலேயே. உக்கடத்தில் இறங்கியவள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்காமல் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

பாய் முழுவதையும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "ஏனுங்க டீச்சர், தெரியாத பழிய நீங்க எதுக்குங்க ஏத்துக்கிட்டீங்க? நான் போட்ட கிளாம்புக்கு நான் வந்து பேசறனுங்க."

சனிக்கிழமை இரண்டு ஸ்பேனரோடு என்னுடன் சர்வீஸ் சென்டருக்கு வந்தார். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, கிளாம்புகளைத் தளர்த்தி, பத்து நிமிஷத்தில் கைப்பிடியைக் கழற்றி ஒரு துணியின் மேல் வைத்தார். "இப்ப இது நீங்க வித்த வண்டிங்க. உங்காளு ஒருத்தர் உக்காந்து, காலால பிரேக்க நல்லா மிதிச்சு கியரப் போட்டுப் பாக்கட்டுங்க."

அட்வைசர் இளைஞரே உட்கார்ந்தார். மிதித்தார். கியர் விழவில்லை. அதே விளக்கு மினுக்கியது. இன்னொரு தடவை, இன்னும் அழுத்தி. அப்போதும் இல்லை. அதற்குப் பிறகுதான் மெக்கானிக் ஒருவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, கியரை மாற்றும் மோட்டார் போய்விட்டது என்றார்.

"வாரண்டி கேட்டு மறுபடி கம்பெனிக்கு எழுதி அனுப்பறோமுங்க மேடம்" என்றார் மேனேஜர். "ஆனா கைப்பிடி இல்லாம ஒரிஜினல் கண்டிஷன்லயே இருந்தா ஆரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"ஒரிஜினல் கண்டிஷன்ல இந்த வண்டி என்ற ஊட்டு வாசல்ல நிக்கத்தானுங்க செய்யும்" என்றேன். ஜாப் கார்டை வாங்கி என் வாக்குமூலத்தை அடித்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றிய பிறகும் பழுது அப்படியே இருக்கிறது என்று எழுதி, இந்த முறை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "விசாரிக்காம எழுதினது என்ற தப்புதானுங்க மேடம்" என்றார் அட்வைசர். இல்லைங்க, என்னுடையது என்று வாய் வரை வந்துவிட்டது. சிரமப்பட்டு முழுங்கினேன்.

வாரண்டியிலேயே மோட்டார் வந்தது. மாற்றிய அன்று பாய் வந்து கைப்பிடியைப் பூட்டி, நான் சொன்ன உயரத்துக்கு வைத்துக் கொடுத்தார். ஒப்படைக்கும் முன் அவர்கள் ஆள் ஒருவர் ஓட்ட, வண்டியின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவது அங்கே வழக்கம். அட்வைசர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிவிட்டார். "நீங்களே எடுங்க மேடம்" என்று சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

கைப்பிடியைத் தள்ளிப் பிடித்துக் கியரைப் போட்டேன். விழுந்தது. மெல்ல என் பக்கம் இழுத்தேன். ரோட்டில் ஏறியதும் இரண்டு, மூன்று என்று கியர் தானாக மாறிக்கொண்டே போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"போதுமுங்க மேடம், இங்கயே திருப்பிக்கலாம்" என்றார் அவர்.

"இன்னுங் கொஞ்ச தூரம் போலாமுங்க" என்றேன்.