அடுக்களைக்கு அடியில் இருந்த கிணறு

அனுமந்தன்பட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்தது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஏலக்காட்டு ஜீப்புகள் வந்து நிற்கும். மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இறங்கி, நின்ற நிலையிலேயே இட்லியை விழுங்கிவிட்டு, மத்தியானத்துக்குத் தூக்குவாளியில் சோறும் வாங்கிக்கொண்டு ஏறிப் போவார்கள். என் இட்லியைப் பற்றி நானே சொல்லக் கூடாது. குமுளிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு கடையை நான்தான் நடத்தினேன். கூடவே இருந்தவள் என் நாத்தனார், அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள். இடம் குடும்பத்துக்குப் பொது என்பதால் என் கொழுந்தனுக்கு அதன்மேல் ஒரு கண். ரோட்டோரத்தில் இடம் கிடைக்காதா என்று செல்போன் கடைக்காரர்கள் அலைந்த காலம் அது.

"என்னைக்கு நட்டம் வருதோ அன்னைக்குச் சாவியக் குடுத்துரணும் மதினி" என்று சொல்லி வைத்திருந்தான்.

நானும் சரி என்றுவிட்டேன். நட்டம் என் கடைப் படியை மிதிக்காது என்ற திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தத் திமிரை ஆட்டிப் பார்த்தது கேஸ் விலைதான். கடைகளுக்கென்று கொடுக்கிற நீலச் சிலிண்டர் ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கும், சரி என்று உட்காருவதற்குள் மறுபடி ஏறும். எங்கேயோ கடலுக்கு அப்பால் எண்ணெய் விலை அசைந்தால் இங்கே என் இட்லிப் பானை ஆடும். அதற்குத் தக்கபடி நான் இட்லி விலையை ஏற்றி இறக்கினால் ஜீப் அடுத்த கடையில் போய் நிற்கும். சில கடைகளில் வீட்டுக்குக் கொடுக்கிற சிவப்புச் சிலிண்டரை ஒளித்து வைத்து எரித்தார்கள். நான் அதைத் தொடவில்லை. பருப்பை முந்தின நாளே ஊறப் போடுவேன். அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே இறக்கி, வைக்கோல் திணித்த கூடையில் பானையை வைத்துச் சாக்கால் மூடிவிடுவேன். மீதியை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். எனக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் எந்தச் சந்தையன்று மாட்டிய சிலிண்டர் எந்தச் சந்தைக்குத் தீரும் என்று எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் ஒரு கோடையில் கேஸ் முன்னாடியே தீர ஆரம்பித்தது. வந்து தின்கிற ஆள் கூடவில்லை, வேகிற சோறும் கூடவில்லை. மத்தியானம் கடையைச் சாத்தும்போது சிலிண்டரை அசைத்துப் பார்த்து கனத்தைக் கையில் வாங்கிக்கொள்வேன். சாயங்காலம் வந்து அசைத்தால் கை வேறு கனம் சொல்லும். பூட்டிய அடுக்களைக்குள் யாரோ உட்கார்ந்து குடிக்கிற மாதிரி இருந்தது.

சாவி இருக்கிற இன்னொரு ஆள் நாத்தனார்தான்.

"ஏத்தா, மத்தியானம் வெந்நி போட்டுக் குளிக்கிறயோ?"

"இந்த வெயில்ல வெந்நியா? என்னைய இட்லின்னு நெனச்சயா மதினி, அவிச்சு எடுக்கிறதுக்கு?"

"நீ இல்லன்னா பேயா குடிக்குது?"

அவள் சிரிக்கவில்லை. "அந்த மூலையில வைக்காதன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

அந்த மூலைக்கு அடியில் ஒரு கிணறு இருந்தது. நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னாலேயே வற்றிப்போன கிணறு. பாதிக்கு மண்ணைத் தள்ளி, மேலே கல் பலகை பாவி மூடியிருந்தார்கள். எங்கள் பக்கம் கிணற்றை அடியோடு மூச்சு முட்ட மூட மாட்டார்கள். அதுவும் ஒரு உயிர் என்று சொல்லி, காற்றுப் போக ஒரு குழாயை நட்டு வாயைத் திறந்து விடுவார்கள். பின்னால் அடுக்களையை நீட்டிக் கட்டியபோது அந்தக் குழாய் வாய் தரையோடு தரையாக உள்ளே வந்துவிட்டது. அதன் பக்கத்தில்தான் சிலிண்டர். வெள்ளிக்கிழமைகளில் நாத்தனார் அங்கன ஒரு முழம் பூ வைப்பாள்.

காலையில் அந்தப் பூவைக் கிணறு உள்ளே இழுப்பதையும், சாயங்காலம் வெளியே தள்ளுவதையும் தான் பார்த்ததாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. மறுநாள் ஒரு வாழைநாரைக் கிழித்துக் குழாய் வாய்க்கு நேரே தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். காலை வெயில் ஏறும்போது நார் மெல்ல வளைந்து குழாய்க்குள் போனது. யாரோ நுனியைப் பிடித்து இழுப்பதுபோல அங்கேயே விறைத்து நின்றது. மத்தியானம் திரும்பியதும் தளர்ந்தது. பிறகு ஒரு குளிர்ச்சி என் கணுக்காலைத் தொட்டது, நார் வெளியே வந்து ஆடியது. வெளியில் ஒரு இலை அசையவில்லை. அந்தக் குளிர்ச்சியோடு லேசாக ஒரு வாடையும் வந்தது. செத்த எலியா, மக்கிய பூவா என்று பிடிபடவில்லை.

கேஸ் கொண்டுவருகிற ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிலிண்டர் தலையிலும் அடுப்பு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி கிளம்பவில்லை.

"எங்கயும் ஒழுகல ஆத்தா. உங்க கணக்குத்தான் ஒழுகுது" என்று சிரித்துவிட்டுப் போனார். என் கணக்கையா சொல்கிறாய் என்று மனதுக்குள் எரிந்தது.

அந்த மாதம் விலை மறுபடி ஏறியது. முதல் தடவையாகக் கடையில் கையைக் கடித்தது. கொழுந்தன் வந்து வாசலில் நின்றான்.

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா மதினி?"

"இருக்கு. விறகடுப்பு ஒண்ணு போட்டுப் பாக்குறேன். சோறும் சாம்பாரும் விறகுல, இட்லி மட்டும் கேஸ்ல. அதுலயும் நட்டம்னா சாவி உனக்கு."

விறகடுப்புக்கு இருந்த இடம் அந்த மூலை ஒன்றுதான். பார்க்க வந்த கொத்தனார், சூட்டில் பழைய பலகை வெடித்துவிடும், கிணற்றை முழுக்கத் தூர்த்துவிட்டுத்தான் அடுப்புக் கட்ட வேண்டும் என்றார். உள்ளே எவ்வளவு பொந்து என்று இறங்கிப் பார்க்க வேண்டும். சிலிண்டரை மட்டும் முற்றத்துக்கு மாற்றினோம். மத்தியானத்துக்கு மேல் அவரும் கொழுந்தனும் கடப்பாரை போட்டுப் பலகையை நெம்பி நகர்த்தினார்கள். அடியில் இருட்டு. வெயில் காலத்தில் அப்படி ஒரு குளிர் முகத்தில் வந்து அடித்தது.

பாழுங்கிணற்றில் இறங்குமுன் எங்கள் ஊரில் செய்கிற வேலை ஒன்று உண்டு. லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் கெட்ட காற்று, ஆள் இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். எத்தனையோ பேர் உயிரைக் காத்த வழக்கம் அது. யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். கொழுந்தன் வாசலில் வைத்து லாந்தரை ஏற்றிக்கொண்டு, கயிற்றை வளையத்தில் மாட்டியபடியே உள்ளே வந்தான்.

நான் கதவருகே நின்றேன். அவன் என்னைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும், திரியை யாரும் தொடாமலே, கண்ணாடிக்குள் சுடர் நீண்டது. நிமிர்ந்து எதையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நீண்டது. அதன் தலையில் மங்கலாக ஒரு நீலம் உட்கார்ந்திருந்தது. அந்த நீலத்தைத்தான் நான் விடிந்தால் பொழுதுபோனால் பார்க்கிறேன். என் அடுப்பின் நிறம். அப்போதுதான் அந்த வாடையும் எனக்குப் பிடிபட்டது. புதுச் சிலிண்டர் மாட்டும்போது ஒரு நொடி வருமே, அந்த வாடை. மண்ணுக்குள் கிடந்து பழசாகி நைந்திருந்தது.

கத்தினால் அவன் பதறிக் கீழே போட்டுவிடுவான். ஓடினாலும் அப்படித்தான். பின்னாலிருந்து அவன் கையோடு சேர்த்து லாந்தர்ப் பிடியைப் பற்றினேன்.

"விடு தம்பி" என்றேன்.

"என்ன மதினி, சாமி வந்துருச்சா?"

"விடு."

என் குரலைக் கேட்டு விட்டுவிட்டான். லாந்தரை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல நடந்து, வாசல் கடந்து ரோட்டுக்குப் போனேன். அங்கே சுடர் தன் அளவுக்குக் குறுகியது. அதன் பிறகுதான் ஊதினேன்.

கேஸ் ஆளை மறுபடி வரவழைத்தோம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாய் ஒரு இடத்தில் சுவருக்குள் புகுந்து போகும். சுவரைக் கொத்திப் பார்த்தால், அங்கன எலி கடித்திருந்தது. புதுக் குழாயைச் சுவருக்கு வெளியே மாட்டிக்கொண்டே, கேஸ் காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடிப் போகும் என்று சொன்னார். கடையைச் சாத்தும்போது நாங்கள் அடுப்பைத்தான் அடைப்போம், சிலிண்டர் தலையை அடைத்ததில்லை. சுவர் ஓட்டை வழியாகக் கசிந்ததைத் தரையோடு இருந்த குழாய் வாய் வழியாகக் கிணறு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் கணக்கு ஒழுகவில்லை.

"இத்தன நாளா அது மேல நின்னுதான் தோசை சுட்டுருக்கோம்" என்றாள் நாத்தனார். "நானா குடிச்சேன்னு இப்பக் கேளு மதினி."

அடுக்களைக் கதவு சன்னலை எல்லாம் கழற்றிப் போட்டோம். ஆனிக் காற்று மலையிலிருந்து இறங்கி கடை முழுக்க அலைந்தது. வாடை அற்றுப்போன பிறகு எட்ட நின்று மண் தள்ளினார்கள். தள்ளத் தள்ள உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்துகொண்டே இருந்தது. மண் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. கொத்தனார் விறகடுப்பைக் கட்டி முடித்தார், கூலி வாங்கினார், டீ வேண்டாம் என்று போய்விட்டார்.

கொழுந்தன் உள்ளே வரவில்லை. "இங்கன இனி யாரு மதினி தீப்பெட்டி ஒரசுவா? சாவியக் குடுத்துருங்க, பூட்டிப் போட்டுருவோம்."

"நாளைக்கு ஜீப் வரும். அது வந்து போகட்டும்" என்றேன்.

மறுநாள் விடியக் கருக்கலில் எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். நாத்தனார் போக மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துப் போய் விட்டுவிட்டு வந்தேன். புது அடுப்பில் விறகு அடுக்கி, தென்னம் பாளையை நுழைத்தேன். காலுக்கடியில் ஏதாவது கேட்கிறதா என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஒன்றும் இல்லை. தரை சில்லென்றிருந்தது. குச்சியை உரசினேன். அது என் விரல் வரைக்கும் எரிந்து வருமட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுடர் நீளவில்லை, குறையவும் இல்லை. பாளையில் வைத்தேன். படபடவென்று பிடித்தது.

முதல் புகை கூரைக்கு மேலே போனதைப் பார்த்து நாத்தனார் ரோட்டைத் தாண்டி வந்தாள். கொழுந்தன் வரவில்லை. சாவியை அதற்குப் பிறகு அவன் கேட்கவும் இல்லை.